கடுகின் முழுப்பெயர்

டிராம்போன் ஊதுகொம்பின் இழுகுழாய் பாதி வழியில் சிக்கிக்கொண்டு, முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் அடம்பிடித்தது. புல்வெளியில் வண்டியை நிறுத்திவிட்டு டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்து ரெனிட்டா கிட்ரெல் கால் மணி நேரமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். போன அக்டோபரில் இதே புல்வெளியில் சரியாகத் துடைக்காமல் பெட்டியில் போட்டு மூடியது. அப்புறம் எடுக்கவே தோன்றவில்லை. மே மாதத்திலிருந்து வீட்டில்தான் இருக்கிறாள், இருபத்து நாலு மணி நேரமும் அவளுடையதுதான், ஆனாலும் எடுக்கவில்லை. வேலை இல்லாதவளுக்குத்தான் எதற்கும் நேரம் கிடைப்பதில்லை என்பது ஐம்பத்து நாலு வயதில் அவள் புதிதாகக் கற்றுக்கொண்ட பாடம்.

காற்றில் மீன் பொரிக்கும் வாசனை வந்தது. அதன் பின்னாலேயே விளையாட்டு அரங்கத்துப் பக்கமிருந்து பெரிய மேளத்தின் இடி. அந்த இரண்டும் சேர்ந்து வந்தால் ஹெப்ரான் கல்லூரியில் படித்த எவருக்கும் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். வருடத்தில் இந்த ஒரு சனிக்கிழமைக்காக அட்லாண்டாவிலிருந்தும் டெட்ராய்ட்டிலிருந்தும் டாலஸிலிருந்தும் ஜனங்கள் வந்து இந்தச் சின்ன ஜார்ஜியா ஊரை மூச்சுத் திணற வைப்பார்கள். கத்தரிப்பூ நிறத்தில் சட்டை, தங்க நிறத்தில் தொப்பி, கையில் தட்டு. கறுப்பர்களை வேறெங்கும் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் நாலு பாதிரிமார் ஒரு பருத்திக் கிடங்கில் ஆரம்பித்த கல்லூரி. அன்றைக்கு ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கரையேறியவர்கள். இன்றைக்கும் அந்தப் பிடியை விடவில்லை. அதற்குப் பெயர்தான் பழைய மாணவர் சங்கம்.

இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், இங்கே நடப்பது பாதி திருவிழா, பாதி வேலைச் சந்தை. கோழிக்காலைக் கடித்துக்கொண்டே ஒருவர் "என் மருமகன் படிச்சு முடிச்சிட்டான்" என்பார். சோள ரொட்டியைப் பிட்டுக்கொண்டே இன்னொருவர் "திங்கக்கிழமை எனக்கு அனுப்பச் சொல்லு" என்பார். முடிந்தது. ரெனிட்டா சார்லட் நகரத்தில் குளிர்பதன லாரி கம்பெனி ஒன்றில் கொள்முதல் மேலாளராக இருந்த பதினெட்டு வருடமும், ஒரு டப்பா நிறைய விசிட்டிங் கார்டோடுதான் இங்கே வருவாள். தட்டை ஏந்திக்கொண்டு ஜனங்கள் அவளிடம் வரிசையில் நிற்பார்கள். அவள் சிபாரிசால் வேலைக்குப் போன ஹெப்ரான் பிள்ளைகள் பதினோரு பேர். சங்கம் அவளுக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தது. "கதவைத் திறந்து வைத்தவள்" என்று அதில் பொறித்திருக்கும். அந்த வரிசை அவளுக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்வதில் என்ன வெட்கம்? பிடித்துத்தான் இருந்தது.

இந்த வருடம் பையில் கார்டு இல்லை. பழைய டப்பாவில் இருநூறு கிடந்தன. கம்பெனியே அந்தப் பிரிவை இழுத்து மூடிய பிறகு அதில் இருந்த தொலைபேசி எண்ணை அழைத்தால் யாரும் எடுப்பதில்லை. ஒரு முறை அழைத்தும் பார்த்தாள்.

பெட்டிக்குள் இனி அடங்காத டிராம்போனைத் தூக்கிக்கொண்டு கூடாரங்களுக்கு நடுவே நடந்தாள். மீன் சட்டிக்கு முன்னால் வாண்டா ஸ்பைவி நின்றிருந்தாள். ஒரு கையில் ஜல்லிக்கரண்டி, இன்னொரு கையில் பெயர்ப் பட்டியல். வாண்டா சங்கத்தின் செயலாளர். நாற்பது வருடத்து மாணவர் பதிவேடும் அவள் தலைக்குள் இருக்கிறது என்பார்கள். படிக்கும்போது அவள் தேவாலயப் பாடகர் குழு. பேண்டுக்காரர்களை அவளுக்கு ஆகாது, சத்தம் போடுகிறவர்கள் என்று.

"வாடியம்மா, சார்லட் மகாராணி! மொதல்ல தட்டை எடு. அந்த சாவு வீட்டு மூஞ்சியக் கழட்டி வச்சிட்டு அப்புறம் பேசலாம்."

"எல்லாருக்கும் தெரியுமா வாண்டா?"

"உனக்கு வேல போன விஷயமா? நான் யாருக்கும் சொல்லல. ஆனா எல்லாருக்கும் தெரியும்." மீன் துண்டின் மேல் கார சாஸை தாராளமாக ஊற்றினாள் வாண்டா. "கேளு. அந்த அட்லாண்டா ஆஸ்பத்திரி அம்மா வந்திருக்காங்க. தியோடோரா ரான்சம். மொத்த ஆஸ்பத்திரிக் குழுமத்துக்கும் நிர்வாகம் அவங்க கையிலதான். நேத்து பேரு பதியும்போது 'பேண்டு, டிராம்போன்'னு எழுதினாங்க. உன் ஆளுதாண்டி! போ, போயி நேராக் கேளு."

"டிராம்போன்ல ரான்சம்னு யாரும் கிடையாது வாண்டா. எனக்குத் தெரியாதா?"

"உங்க கூட்டத்துல யாருக்கு யாரு பேரு தெரியும்? ஒருத்தன் போதகர், ஒருத்தன் சட்டி, நீ சைரன். போலீஸ் தேடற ஆளுங்க மாதிரி."

அந்த ஆஸ்பத்திரியின் கொள்முதல் தலைவர் வேலைக்கு ரெனிட்டா மனுப் போட்டு மூன்று வாரம் ஆகிறது. இதற்கு முன் போட்ட நாற்பது மனுக்களுக்கு இயந்திரமாவது நன்றி சொல்லிப் பதில் போட்டது. இதற்கு அதுவும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து அந்தத் தியோடோரா ரான்சத்தின் படத்தை ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் பலமுறை பார்த்திருந்தாள். ஒட்ட வெட்டிய நரைமுடி, கனத்த கண்ணாடி, சிரிக்காத வட்ட முகம். கல்லூரி ஆண்டு மலர்களில் ரான்சம் என்று தேடியும் பார்த்தாள், இல்லை. இருந்தாலும், இது கடைசிக் கதவு என்று அவளுக்குத் தெரியும். இந்த வயதில் இதற்குமேல் எவன் கூப்பிடப் போகிறான்?

பேண்டுக் கூடாரம் அரங்கத்தின் பின்வாசலில் இருந்தது. கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் பழைய பேண்டுக்காரர்கள் இறங்கி ஒரு சுற்று வாசிப்பது வழக்கம். முழங்கால் போனவர்கள், இதயத்தில் கம்பி வைத்தவர்கள், மூச்சு இரைப்பவர்கள் என்று அறுபது எழுபது பேர், மைதானம் முழுவதும் தங்களுடையது என்பது போல நடப்பார்கள்.

"சைரன் வந்துட்டாடோய்! காதப் பொத்திக்கங்க!" என்று கத்தினான் போதகர். ஒரு காலத்தில் டிராம்போன் வரிசைத் தலைவன். நாலு வார்த்தைக்கு ஒரு தரம் வேத வசனம் சொல்வதால் அந்தப் பெயர். இப்போது தபால் துறையில் ஓய்வு பெற்று வசனம் மட்டும் மிச்சம்.

ரெனிட்டாவுக்கு சைரன் என்று பெயர் வந்ததற்கும் அவன்தான் காரணம். மேளம் எட்டு எண்ணி முடித்ததும் டிராம்போன்கள் சேர வேண்டும். ரெனிட்டா ஏழிலேயே ஆரம்பித்துவிடுவாள். எத்தனை அடித்துச் சொன்னாலும் ஏழுதான். 'ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடியே சைரன் வந்துருது' என்றான் ஒரு நாள், அது ஒட்டிக்கொண்டது.

அவனுக்குப் பின்னால் ஒரு பெண் குனிந்து தன் டிராம்போனிலிருந்து தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள். வடித்து முடித்ததும் குழாயின் முனையைத் தன் இடது ஷூவின் மேல் இரண்டு தட்டுத் தட்டினாள். டக், டக்.

ரெனிட்டா தட்டையும் டிராம்போனையும் புல்லில் வைத்தாள். உலகத்தில் ஒரே ஒருத்திதான் அப்படித் தட்டுவாள். ஷூ பாழாகிறது என்று எத்தனை தடவை திட்டு வாங்கியிருக்கிறாள்!

"கடுகு!"

அந்தப் பெண் நிமிர்ந்தாள். ஒட்ட வெட்டிய நரைமுடி, கனத்த கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, குச்சி மாதிரி ஒல்லியாய் இடுப்புவரை பின்னல் தொங்க நின்ற பதினெட்டு வயதுக் கடுகு எட்டிப் பார்த்தாள். முதல் வருடம் வந்தபோது டிராம்போனைவிடக் குட்டையாக இருந்தாள். 'கடுகளவு விசுவாசமிருந்தால் மலையை நகர்த்தலாம்' என்று போதகர் வசனம் சொல்ல, அன்றிலிருந்து கடுகு. சிறுத்தாலும் காரம் குறையாத கடுகு.

ரெனிட்டா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கழுத்தில் தொங்கிய அட்டை அவள் நெஞ்சில் குத்தியது. விலகி நின்று அதைப் படித்தாள். தியோடோரா ரான்சம்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ரெனிட்டாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூன்று வாரமாக எந்த முகத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாளோ, அது கடுகின் முகம்! கடவுளே, இதை அப்போதே தெரிந்துகொள்ளாமல் இத்தனை இரவு விழித்துக் கிடந்தேனே என்று நினைத்தாள்.

"குழாய் சிக்கியிருக்கா? குடு இங்க" என்றாள் கடுகு. தன் பெட்டியைத் திறந்து எண்ணெய்ப் புட்டியும் துணியும் எடுத்தாள். "நீ இன்னும் துடைக்கவே கத்துக்கல."

தன் பெட்டியை மூடி ரெனிட்டாவுக்கு உட்காரக் கொடுத்துவிட்டு, தான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்தப் பெட்டியும் பழையதுதான். கறுப்புத் தோல் உரிந்து, மூலைகளில் மரம் தெரிந்தது. மூன்று வருடம் ஊர் ஊராகப் பேருந்து நிறுத்தங்களில் ரெனிட்டா அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அவள் பெட்டியின் மூடி உடைந்திருந்ததால், மூத்தவள் என்ற உரிமையில் கடுகின் பெட்டிதான் அவளுக்கு நாற்காலி. கடுகு தரையில் உட்காருவாள்.

அரை மணி நேரம் பேச்சு எங்கெங்கோ போனது. ஆகஸ்ட் மாதத்து வெயிலில் தார் உருகும் மைதானத்தில் நடை பழகியது. ஏணி மேல் ஏறி நின்று தகரக் குழாயில் கத்தும் டார்வர் வாத்தியார். அவர் கத்தினால் பக்கத்து ஊர் மாடுகூட கால் மாற்றி வைக்கும் என்பார்கள். வெளியூர்ப் போட்டிக்குப் போகும் பேருந்தில் ஷூப் பெட்டியில் கட்டிக் கொடுத்த பொரித்த கோழி, அதில் இறக்கைக்கு நடந்த சண்டைகள். மழையில் நனைந்து, தொப்பியின் சாயம் நெற்றியில் இறங்கி, எல்லோரும் கத்தரிக்காய் மாதிரி நின்ற ஒரு நவம்பர். டார்வர் இறந்த செய்தி கேட்டு அவரவர் ஊரில் அவரவர் அழுதது. ரெனிட்டாவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இந்தப் பாழாய்ப்போன மே மாதத்துக்குப் பிறகு அவள் முதல் தடவையாகத் தன்னை யாரோ ஒருத்தியாக உணர்ந்தாள். நாம் இருபது வயதில் யாராக இருந்தோம் என்று தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தால் போதும், ஐம்பத்து நாலு ஒரு வயதே இல்லை.

"ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். "எட்டு எண்ணறப்ப நீ முழங்கையால இடிப்பியே. நீ வந்த அப்புறம்தான் நான் சரியா சேர ஆரம்பிச்சேன். டார்வர் அசந்துட்டார். சைரன் திருந்திட்டான்னு ஊரெல்லாம் சொன்னார்."

"யாரு திருந்தினா? என் முழங்கைதான் திருந்திச்சு" என்றாள் கடுகு. குழாய் இப்போது வெண்ணெயாக வழுக்கி ஓடியது. அதைத் திருப்பிக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

இதுதான் சமயம் என்று ரெனிட்டா நினைத்தாள். "கடுகு, உங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு மனு..."

"மூணு வாரமா என் மேசையிலதான் இருக்கு."

"பார்த்தியா? என் பேரப் பார்த்ததும் தெரியலையா?"

கடுகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணைச் சுவரில் குத்தி வைப்பது போல எதிரே வெறித்துக்கொண்டு, முதல் வருடப் பிள்ளைகளின் குரலில் ஒப்பித்தாள். "ரெனிட்டா டெனிஸ் கிட்ரெல். ஊர் வால்டோஸ்டா, ஜார்ஜியா. அப்பா ஹோரஸ், அம்மா இமோஜின். பாடம் வணிகம். டிராம்போன், இரண்டாம் குரல். பிடிச்ச சாப்பாடு பீச் பழப் பணியாரம்." பிறகு அவள் பக்கம் திரும்பினாள். "தெரியாம இருக்குமா சைரன்? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

முதல் வருடம் சேர்ந்தவர்கள் மூத்தவர்கள் ஒவ்வொருவரின் முழுப்பெயர், ஊர், பெற்றோர், பாடம் எல்லாம் மனப்பாடம் செய்து, எங்கே நிறுத்திக் கேட்டாலும் ஒப்பிக்க வேண்டும். தப்பினால் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். மூத்தவர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் ஆளைப் பார்த்து ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள், அதோடு சரி. ரெனிட்டாவும் ஒரு வருடம் அப்படி ஒப்பித்தவள்தான். அது அன்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், பாதி அன்புதான்.

"அப்ப ஏண்டி பதில் போடல?"

"நான் உனக்கு ஒரு லெட்டர் போட்டேன். ரெண்டாயிரத்து ஒம்போது மார்ச்சுல. அதுக்குப் பதில் வரட்டும்னு காத்திருக்கேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ரெனிட்டா ஏதாவது சொல்லியிருப்பாள்.

"அப்ப என் வேலை போயிருச்சு. புருஷன் அதுக்கு முன்னாடியே போயிட்டான். ரெண்டு புள்ளைங்களோட எங்க அக்கா வீட்டு சோபாவுல கெடந்தேன். சங்கத்துப் பத்திரிகையில உன் படம் போட்டிருந்தாங்க, சார்லட்ல பெரிய ஆளுன்னு. அக்கா கிட்ட சொன்னேன், இவ என் ஆளு, என் பக்கத்துல நடந்தவ, இவ பார்த்துக்குவான்னு. கடுகுன்னு கையெழுத்துப் போடலாமான்னுகூட யோசிச்சேன். வேல கேட்டு எழுதற லெட்டர்ல எவளாவது கடுகுன்னு போடுவாளா? படிச்சவ இல்லையா நான்? எங்கம்மா வச்ச பேரப் போட்டேன். ஹெப்ரான்னு எழுதினேன். அது போதும்னு நெனச்சேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "தினம் தபால் பெட்டிய எட்டிப் பார்க்கறதப் பார்த்து எங்க அக்கா கடைசியில சொன்னா, 'உன் ஆளு இன்னும் எட்டு எண்ணிக்கிட்டிருக்கா போல'ன்னு. அப்புறம் இந்த வருஷம் வரைக்கும் நான் இந்தப் பக்கமே வரல."

அரங்கத்தில் கூட்டம் ஆர்ப்பரித்தது. ஹெப்ரான் அணி புள்ளி எடுத்திருக்க வேண்டும். கூடாரத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ரெனிட்டா தன் நினைவுக்குள் துழாவினாள். இரண்டாயிரத்து ஒன்பது. நாடே கவிழ்ந்து கிடந்த வருடம். ஹெப்ரான் என்று எழுதி வந்த கடிதங்கள் மேசையில் குவிந்து கிடந்தன. அந்த வருடம் அவளால் இரண்டு பேரை எடுக்க முடிந்தது. ஒருவன் போதகர் சொல்லி அனுப்பியவன், இன்னொருத்தி வாண்டா சொல்லி அனுப்பியவள். மற்றதெல்லாம் தெரியாத பெயர்கள். தெரியாத பெயர்களை எடுத்து ஓரமாக வைத்தது நினைவில் இருந்தது. தியோடோரா ரான்சம் என்ற பெயர் இருந்ததா? எத்தனை துழாவியும் அகப்படவில்லை. கேடயம் கொடுத்ததும் அதே வருடம்தான். அது நன்றாக நினைவிருந்தது.

'எனக்கு அப்படி ஒரு லெட்டர் வரவே இல்லையே' என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் வந்து நின்றது அது. தபால்தானே, எத்தனையோ தொலைகிறது. கடுகு நம்பினாலும் நம்புவாள். நம்பாவிட்டாலும், இருவருமே நம்புவதாக வைத்துக்கொண்டு சிரித்துக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை தொலைபேசி வரும். வேலை கிடைக்கும். தேவை அவ்வளவுதான்.

"வந்திருக்கும்" என்றாள் ரெனிட்டா. "நான் படிச்சும் இருப்பேன். யாரோன்னு நெனச்சு ஒதுக்கி வச்சிருப்பேன். எனக்கு ஞாபகமே இல்ல கடுகு. அதான் கேவலமா இருக்கு."

கடுகு கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "பரவால்ல, பொய் சொல்லல" என்றாள். "இப்ப நீ சொல்லு. என் பேரு என்ன?"

"தியோடோரா ரான்சம்."

"அது கழுத்துல தொங்குது. ரான்சம் விட்டுட்டுப் போன புருஷன் குடுத்த பேரு. நீ என் பக்கத்துல நடந்த மூணு வருஷம், எனக்கு என்ன பேரு?"

கடுகுக்கு இடது காது சற்றுக் கேட்காது என்று ரெனிட்டாவுக்குத் தெரியும். இடியென்றால் பயம் என்று தெரியும். தக்காளியைத் தொடமாட்டாள், அழுதால் விக்கல் வரும். எல்லாம் தெரியும். பெயர் தெரியாது.

கடுகு டிராம்போனை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். "அந்த மனுவுக்கு உன்னக் கூப்பிடறதா, வேண்டாமான்னு திங்கக்கிழமைக்குள்ள நான் சொல்லியாகணும். இன்னும் முடிவு பண்ணல. தண்ணி குடிச்சிட்டு வரேன்."

ரெனிட்டா அப்படியே உட்கார்ந்திருந்தாள். வண்டிக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. நாலு மணி நேர ஓட்டத்தில் சார்லட். வேலை ஒரு பக்கம் இருக்கட்டும். இத்தனை காலம் தன்னைப் பற்றித் தானே வைத்திருந்த ஒரு நல்ல படம், கூடத்துச் சுவரில் அந்தக் கேடயத்தின் பக்கத்தில் மாட்டியிருந்த படம், தலைகீழாகத் தொங்குவது போல இருந்தது. அவள் கதவைத் திறந்து வைத்தவள்தான். ஆனால் யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவந்தவர்களுக்கு மட்டும். தனியாக வந்து தட்டியவர்களுக்கு அவள் திறந்ததே இல்லை.

"வரிசைக்கு வாங்கய்யா! கர்த்தர் வர்றப்பவும் இப்படித்தான் லேட்டா வருவீங்களா?" என்று போதகர் கத்திக்கொண்டு போனான்.

போய்விடுவது என்றுதான் எழுந்தாள். கடுகின் பெட்டியை நகர்த்தி வைக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கியபோது, அதன் பக்கவாட்டில், உரிந்த தோலுக்கு மேலே, கையால் எழுதிய வெள்ளைப் பெயின்ட் எழுத்துக்கள் தெரிந்தன. பாதி அழிந்திருந்தாலும் படிக்க முடிந்தது. மூன்று வருடம் அவள் கால் அந்த எழுத்துக்களின் மேல்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ரெனிட்டா புல்லில் மண்டியிட்டு, சட்டை முனையால் தூசியைத் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். அழுகை வந்தது; அதை நிறுத்த அவள் முயலவில்லை.

பின்வாசலில் டிராம்போன் வரிசை நின்றிருந்தது. பதினோரு பேர். கடுகின் இடது பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடைவெளி இருந்தது. வேண்டுமென்று விட்டதா, பழக்கத்தில் விட்டதா என்று தெரியவில்லை. ரெனிட்டா அதில் போய் நின்றாள். எதிரே வெறித்துக்கொண்டு, முதல் வருடப் பிள்ளையின் குரலில், சத்தமாகச் சொன்னாள்.

"தியோடோரா லூயிஸ் பில்லுப்ஸ். ஊர் தாமஸ்வில், ஜார்ஜியா. டிராம்போன், இரண்டாம் குரல்."

முன் வரிசையில் இரண்டு தொப்பிகள் திரும்பின. போதகர் வாயைப் பிளந்தான்.

கடுகு திரும்பவில்லை. "அப்பா அம்மா பேரு?"

"தெரியாது."

"பாடம்?"

"தெரியாது."

"பெட்டியப் பார்த்துக் காப்பி அடிச்சிருக்க."

"ஆமா" என்றாள் ரெனிட்டா. "மிச்சத்த நீ சொல்லு. நான் மனப்பாடம் பண்ணிக்கறேன். வேல குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி."

"தப்பினா ஓடணும்."

"ஓடறேன்."

"இந்த முழங்காலோடயா?" கடுகின் உதட்டோரம் ஏதோ அசைந்தது, உடனே நின்றுவிட்டது. "அப்பா பேரு ரூஃபஸ்" என்றாள் மெதுவாக. அதற்குமேல் சொல்வதற்குள் விசில் ஊதிவிட்டது.

கதவு திறந்தது. வெளிச்சமும் கூச்சலும் ஒன்றாக மேலே விழுந்தன. அவர்கள் நடந்தார்கள், முழங்கால்களை உயர்த்தி, ஏணி மேல் டார்வர் இன்னும் நிற்பது போல. மைதானத்தின் நடுவில் வந்து நின்றார்கள். மேளம் ஆரம்பித்தது. பன்னிரண்டு டிராம்போன்கள் ஒன்றாக மேலே எழுந்தன.

ஒன்று. இரண்டு. ரெனிட்டா மூச்சை உள்ளே இழுத்தாள். மூன்று, நாலு. உதடு ஊதச் சொல்லிப் பதறியது. ஐந்து. ஆறு. ஏழு வந்தது, அவளுடைய ஏழு, வாழ்நாள் முழுவதும் அவள் முந்திக்கொண்டு விழுந்த ஏழு. அவள் ஊதவில்லை. இழுத்த மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நேரே வைத்துக்கொண்டு, தன் வலது கைப்பக்கம் காத்திருந்தாள், அங்கே ஒரு முழங்கை வரும் என்று.